பிணவறையில் உள்ள என் அத்தையை என்னிடம் ஒப்படைக்கக் கேட்பது

அனுப்புநர்:
இஸ்திரிக் கடைக்காரி,
மருத்துவமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: என் மாமியாரின் உடலைப் பெறுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிணவறையில் இருப்பவர் என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை. வீட்டுக்காரர் என்னைக் கோர்ட்டில் தீர்த்துவிட்டு வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அத்தை மகனோடு போகவில்லை, என்னோடு இருந்துவிட்டார். நான் தேய்ப்பேன், அத்தை மடிப்பார். அவர் மடித்த சட்டையில் காலர் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

2. இடுப்பு எலும்பு முறிந்து அத்தையை இங்கே சேர்த்தபோது, நீங்கள் யார் என்று நர்ஸம்மா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே, “மருமகள்னு சொன்னா இவதான் தள்ளிவிட்டான்னு போலீஸக் கூப்பிடுவீங்க. மகள்னே எழுதிக்கோங்கம்மா” என்றார். அந்த வலியிலும் சிரித்தார். மகள் என்றே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை அத்தை போய்விட்டார்.

3. உடலைக் கேட்டதும் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். நான் மகளும் இல்லையாம், இப்போது மருமகளும் இல்லையாம். சட்டப்படி மகன்தான் நெருங்கிய உறவாம். மகனுக்குப் போன் போட்டேன். “நீதானே இவ்வளவு நாள் பாத்த, நீயே எடுத்துக்க” என்றார். போனில் சொன்னது செல்லாது, நேரில் வந்து எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். அதன்பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

4. வெள்ளிக்கிழமைக்குள் உறவினர் வராவிட்டால் மருத்துவமனையே அடக்கம் செய்துவிடுமாம். அத்தையின் அட்டையில் ‘உரிமை கோர ஆளில்லை’ என்று எழுதிவிட்டதாகக் காவலாளி அண்ணன் சொன்னார். ஐயா, நான் காலையிலிருந்து பிணவறை வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அண்ணன்தான் எனக்கு டீ வாங்கித் தருகிறார்.

5. கோர்ட்டில் நான் தீர்த்துக்கொண்டது மகனோடு, அத்தையோடு இல்லை. உயிரோடு இருந்தவரை அறுக்கச் செல்லுபடியான கையெழுத்து, இப்போது வீட்டுக்குக் கூட்டிப்போகச் செல்லவில்லை. என் படிப்புக்கு இது எட்டவில்லை. மகள் என்று போட்டது குற்றமானால் பிறகு கூப்பிட்டு விசாரியுங்கள், வருகிறேன்.

அத்தையை என்னிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த மகனையாவது வரவழையுங்கள். இரண்டும் ஆகாதென்றால், மண்ணில் வைக்கும் முன் ஒருதரம் என்னை உள்ளே விடுங்கள். உடுத்திவிட ஒரு துணி தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறேன். மடிப்பு அவர் அளவுக்கு வரவில்லை.

அட்டையில் எழுதியதையும் அடிக்கச் சொல்லுங்கள் ஐயா. ஆள் வெளியே இருக்கிறேன்.

இடம்: பிணவறை வாசல்
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
அத்தையைக் கேட்டு நிற்பவள்
(கையெழுத்து)