பரிசில்லாத சீட்டு

அன்புள்ள ஃபஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? ஹனீனுக்கு இருமல் நின்றதா? போனில் அனுப்ப முடியாத ஒன்று இருப்பதால்தான் கடிதம்.

நான் சுகம். விழித்திருக்கப் போட்ட அந்த மாத்திரையை விட்டபின் சென்னையிலும் தூக்கம் வருகிறது. லாரியை நிறுத்திக் கண்ணை மூடினால் சேரன்மகாதேவிப் பாலத்தடியில் ஆறு ஓடுகிறது. உன் வளையல் சத்தம்கூடக் கேட்கிறது.

மாத்திரைப் பழக்கத்தை விட நான் போகும் சிகிச்சை மையத்தில் ஒரு வேடிக்கை. சிறுநீரில் போதை மருந்து இல்லையென்றால் பானையிலிருந்து சீட்டு எடுக்கச் சொல்வார்கள். அதில் எழுதியிருக்கும் பரிசு நமக்கு. லாட்டரி ஹராமாயிற்றே என்று வாசல்வரை வந்துவிட்டேன். தாண்டியிருந்தால் மறுபடி மையத்துக்கே போயிருக்க மாட்டேன். என்னோடு சிகிச்சைக்கு வரும் கூடங்குளத்து டிரைவர் பெருமாள்ராஜ் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே யஹ்யா, நீ என்ன துட்டு கட்டியா ஆடுத? மூத்திரம் சுத்தமா இருக்குன்னு சும்மா குடுக்காவ. எடு லே!”

எடுத்தேன். அவருக்கு வாளி விழுந்தது. என் சீட்டில் ‘நன்று, விடாமல் வாருங்கள்’ என்று மட்டும் இருந்தது. சந்தேகமில்லாத ஹலால்! இத்துடன் வைத்திருக்கிறேன், ஹனீன் எழுத்துக்கூட்டி உனக்கு வாசிக்கட்டும்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சரக்கு ஏற்றியாயிற்று, கூப்பிடுகிறார்கள்.

உன் யஹ்யா