செப்டம்பருக்குள் கார், டிசம்பருக்குள் வீடு

செப்டம்பர் 8, 2025
டுலூத்தில் காலையிலிருந்து மழை. மினியாபொலிஸிலிருந்து மகள் கிறிஸ்டன் போன் செய்தாள்.
"மின்சாரக் காருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் வரிச்சலுகைப்பா. இந்த மாசத்தோட முடியுது. சும்மா விடப் போறீங்களா?"
"கார்ல எங்க போறது?"
"என்னைப் பாக்க வரலாமே."
ஜூனில் என் மனைவி டோரீன் இறந்த பிறகு மகள் வீட்டுக்கு நான் போகவில்லை. டோரீன் இல்லாமல் தனியாக அங்கே போனதே இல்லை.

செப்டம்பர் 12
வரிக்கணக்கு பார்க்கும் பெட்ராவிடம் போனேன். கார் சலுகையைக் கடைக்காரரே விலையில் கழித்துவிடுவாராம். வீட்டுக்கு டிசம்பர் கடைசிவரை உண்டு: மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு இரண்டாயிரம் வரை, கூரைக்கடியில் குளிர் தடுக்கும் பஞ்சுக்கு ஆயிரத்து இருநூறு வரை. ஆனால் நான் கட்டவேண்டிய வரி அவ்வளவு இருந்தால்தான் முழுதும் கழியும்.
"இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் சேர்த்தே தாக்கல் பண்ணலாம், ஆர்விட். அடுத்த வருஷம்தான் நீங்க தனி."
ஜூனில் இறந்தவள் வரிக்கணக்கில் டிசம்பர் வரை இருக்கிறாள். ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

செப்டம்பர் 29
கார் கடை. கையெழுத்துதான் பாக்கி.
"உங்க பேர்ல மட்டுமா சார், மேடம் பேரும் சேர்க்கணுமா?"
பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 1
கார் வாங்கவில்லை என்று சொன்னேன். "என்னைப் பாக்கவே பிடிக்கல, அதானே? நேரா சொல்லுங்க!" கிறிஸ்டன் போனை வைத்துவிட்டாள்.
அப்படியா? இல்லை — சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 23
வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலை நின்றுவிட்டது. பார்க்க வந்தவன், "இது செத்துப்போச்சு சார்" என்றான். நாலு மாதமாக எல்லோரும் மென்று விழுங்கும் சொல். இவன் சட்டென்று சொன்னது நல்லதாகப் பட்டது. ஹீட் பம்ப், கூரைப் பஞ்சு இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். சலுகைக்காகவா? குளிருக்காகத்தான்.

நவம்பர் 21
வேலை முடிந்தது. நானே கிறிஸ்டனைக் கூப்பிட்டேன்.
"அங்க வந்தா அம்மா இல்லாம வரணும்மா. அதான் வரல."

"கிறிஸ்மஸுக்கு நான் வர்றேன்பா."

டிசம்பர் 4
பனி.

டிசம்பர் 24
கிறிஸ்டன் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள். "வேகுதுப்பா! இது வீடா, சூளையா?"
"குறைச்சுக்கோ. எப்பக் கிளம்புற?"
"ஞாயித்துக்கிழமை. வேலை இருக்கே."
ஞாயிறு என்றதும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகை வரும் என்றே நினைக்கவில்லை.