இடது பக்க சீட்

விளக்கெண்ணெய் வாசனை வந்தால் ஊரில் எல்லோருக்கும் பேதி மருந்துதான் ஞாபகம் வரும். எனக்கு பிரான்ஸ் ஞாபகம் வருகிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் உன்னிடம் சொல்கிறேன்.

இன்று காலை பின்வீட்டு அம்மா ஆமணக்கு காய்ச்சினார். அடி அண்ணாமலையில் அவருடைய தம்பி கடலைக்கொல்லை ஓரமாகப் போட்டது, ஒரு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் என் வீட்டு மாடிப்படியையே சுற்றிக்கொண்டிருந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வாயில் நுரையோடு ஓர் அறுபத்தேழு வயதுக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அம்மா சங்கடப்பட்டார்.

"இன்னா சார், வாசனை ஜாஸ்தியா அடிக்குதா? தோ, முடிஞ்சிடும்."

"அடிக்கட்டும்மா" என்றேன். இதே வாசனையை உன்னோடு சேர்ந்து முகர்ந்த பிறகு வருகிற இரண்டாவது மார்கழி இது. வருகிற தையோடு நீ போய் ஒரு வருஷம்.

பத்தாவது வரை நமக்கு ஒரே பெஞ்சு. அப்புறம் நீ இன்ஜினியர் ஆகி இங்கிலாந்துக்குப் போனாய். நான் சர்வேயர் ஆகி, கீழ்பென்னாத்தூர் வரப்புகளில் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு திரிந்தேன். நீ அங்கேயே அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாய். நான் செய்துகொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் விடாமல் இருந்தது. உன் மனைவி இறந்து நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு கேட்டாய்: "டேய், ரெண்டே சீட்டு வண்டி. ஒரு சீட்டு சும்மா கெடக்குது. வரியா? ஒரு ரேஸ் பாக்கப் போவலாம்."

ரேஸ் என்றால் இந்தக் காலத்து ரேஸ் இல்லை. பிரான்சில் ஒரு மேட்டு ஊர், பழைய கோட்டை மதில். அந்த மதிலைச் சுற்றிய தெருக்களில் வருஷத்துக்கு ஒருமுறை நூறு வயதுக் கார்களை எல்லாம் இறக்கி ஓட்டுவார்கள். நீயும் உன் மனைவியும் உங்கள் பழைய வண்டியிலேயே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். அவர் போன பிறகு நீ போகவில்லை.

இங்கிலாந்தில் உன் ஷெட்டில் தார்ப்பாயை விலக்கிக் காட்டியபோது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நான் எதையோ நினைத்திருந்தேன். அது பச்சை நிறத்தில் தவளை மாதிரி தரையோடு உட்கார்ந்திருந்தது. நம்மைவிட ஐந்தாறு வயதுதான் சின்னது. கூரை கிடையாது. மற்ற வண்டியில் ஏறுவார்கள், அதில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி உட்கார்ந்ததும் ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டினேன்.

"அறுவது வருஷத்துல இந்த வண்டில குரங்கு குல்லா ஏறுனதே இல்லடா" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஆனால் புறப்படும்முன் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தது நான் இல்லை, நீ. "அவ எதுக்குன்னு கேப்பா. டயருக்கு நல்லதுன்னு சொல்லுவேன். கடைசி வரைக்கும் நம்பினா பாவம்" என்றாய். அதைச் சொல்லும்போது கியரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிரான்சில் கப்பலை விட்டு வண்டியோடு இறங்கியதும் ரோடு கட்சி மாறிவிட்டது. உன் வண்டிக்கு ஸ்டியரிங் நம் ஊர் மாதிரி வலப்பக்கம். அந்த நாட்டில் வண்டிகள் போவதும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் ஓட்டுகிற உனக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது இடது பக்க சீட்டில் இருக்கிற எனக்குத்தான் தெரியும்.

"நீ பாத்து சொல்லு. போன்னா போவேன், வேணாம்னா பின்னாலயே வருவேன்" என்றாய்.

"நீயே கொஞ்சம் எட்டிப் பாரேன்."

"நான் எட்டிப் பாக்கறதுக்குள்ள வண்டி பாதி வெளிய போயிடும். அவதான் சொல்லுவா. அவ போனதுக்கப்புறம் ஒரு வாட்டி தனியா கெளம்பினேன். ஒரு டிராக்டர் பின்னாலயே ஒன்றரை மணி நேரம். பாதி வழில திரும்பிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாய். நாலு வருஷமாக வண்டி நன்றாக இருந்தது, உன் உடம்பும் நன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து 'போ' என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் நாளே நான் உன்னைக் கொல்லப் பார்த்தேன். முன்னால் வைக்கோல் உருளை ஏற்றிய டிராக்டர். எதிரே தூரத்தில் ஒரு பால் லாரி. சர்வேயர் கண்ணாயிற்றே, நானூறு மீட்டர் என்று மனசு சொன்னது. நம் வேலூர் ரோட்டில் அது தாராளம். எதிரே வருகிறவன் லைட்டைப் போட்டு, திட்டிக்கொண்டே மண்ணில் இறங்கி வழி விடுவான். அவன் ஏறி வரும்போது நாமும் அப்படித்தான் இறங்குவோம். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது. "போ" என்றேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்த நாட்டில் யாரும் யாருக்காகவும் மண்ணில் இறங்குவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லாரி வந்த வேகத்திலேயே வந்தது. டிராக்டருக்கு முன்னால் நீ எப்படி நுழைந்தாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. லாரிக் காற்றில் என் குல்லா திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு சோளக்கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினாய். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"டேய், இது வேலூர் ரோடு இல்லடா" என்றாய். அவ்வளவுதான்.

"இனிமே நான் சொல்ல மாட்டேன். என்னால ஆவாது."

"நீதான் சொல்லணும். எனக்கு வேற யாரு இருக்காங்க?"

அதற்குப் பிறகு நான் 'வேணாம்' சொல்லுகிற ஆளாக மாறிவிட்டேன். ரோடு நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமையாகக் கிடந்தாலும் 'வேணாம்'. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு சைக்கிள்காரர் பின்னால்கூட நாம் கொஞ்ச தூரம் ஊர்ந்துபோனோம். நீ ஒரு தடவையாவது 'நல்லாத்தானே இருக்குது ரோடு' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வேணாம் என்றால் வேணாம்தான் உனக்கு.

அந்த மேட்டு ஊரை எட்டியபோது ரேஸ் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மதிலை ஒட்டிய குறுகலான தெருவில், மூடியில்லாத இன்ஜினும் சைக்கிள் சக்கரமுமாகப் பழைய வண்டிகள் அலறிக்கொண்டு திரும்பித் திரும்பி வந்தன. "கிரிவலத்தை பெட்ரோல் ஊத்திப் பண்றானுங்க" என்றேன். உன் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்து, வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிற மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். சட்டை முழுக்கக் கறையோடு ஒருவர் ஒரு சிவப்பு வண்டியின் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாய்.

"மோந்து பாரு. இன்னா வாசனை?"

"டேய்! விளக்கெண்ணெய்!"

"அதேதான். அந்தக் காலத்து ரேஸ் இன்ஜினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊத்துவாங்க. முப்பது வருஷமா இங்க வந்து இப்பிடித்தான் நின்னுக்கினு இருப்பேன். எம் பொண்டாட்டிக்கு இது ரேஸ் வாசனை. எனக்கு நம்ம ஊரு வாசனை. அவகிட்ட சொன்னா வருத்தப்படுவான்னு சொல்லல. எம் பொண்ணுக்கு சொன்னா புரியாது."

உன் கண் கலங்கியிருந்தது. புகையால் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கடல் தாண்டி, இருநூறு மைல் அந்தத் தவளை வண்டியில் நீ வந்தது ரேஸ் பார்க்க இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் மதில் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். கீழே தெருவில் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாடில ரூம் இருக்குதுன்னியே, அங்கேர்ந்து மலை தெரியுமா?" என்று கேட்டாய்.

"ஒரு ஜன்னல்ல தெரியும்."

"நான் வந்துடட்டுமாடா? வண்டிய பொண்ணுகிட்ட குடுத்துட்டு அடுத்த மாசமே வந்துடறேன். கீழ நீ, மேல நான்."

என் முகத்தைப் பார்க்காமல், எதிரே தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். வண்டியில் கேட்கிற மாதிரியேதான் கேட்டாய்.

"அடுத்த மாசமா? சீசன் ஆரம்பிக்குதுடா" என்றேன். "நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அந்த ரூம ஒரு வெள்ளக்கார ஜோடிக்கு சொல்லி வெச்சிருக்கேன். எட்டு வருஷமா வரவங்க. சீசன் முடியட்டும், ஏப்ரல்ல வா."

செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு வைத்திருக்கிற எவனும் சொல்லுகிற பதில்தான் அது. குளிர்காலம் வந்தால் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடுவோம், சொந்தக்காரர்களை வெயில் காலத்துக்கு வரச் சொல்வோம். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அந்த ஜோடிக்கு ஒரு போன் போட்டால் வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்பது வருஷம் தனியாகவே இருந்தவன் நான். என் வாசலில் இன்னொருவர் செருப்பு எந்நாளும் கிடக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பயம் வந்தது. வெள்ளைக்காரர்கள் மார்ச்சில் போய்விடுவார்கள். நீ போக மாட்டாய். அதுதான் பயம். இதை இவ்வளவு வெளிப்படையாக இன்றுதான் எழுதுகிறேன்.

நீ கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "சரிடா. நீ சொன்னா சரி" என்றாய்.

அன்று எதிரே எந்த லாரியும் வரவில்லையடா. ரோடு காலியாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ரேஸ் பற்றிப் பேசவே இல்லை. கட்டில் இருக்கிறதா, கொசு ஜாஸ்தியா, மாடிக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றே கேட்டாய். தண்ணீர் கம்மிதான் என்று நான் ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொண்டேன். தை மாதம் ஒரு காலையில் உன் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். ஏப்ரல் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாயாம். பெட்டி அக்டோபரிலிருந்தே கட்டித் தயாராக இருந்ததாம். எல்லாம் பருத்திச் சட்டை. "அங்கே உங்களோடு தங்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்" என்று நன்றி சொல்லுகிற குரலில் சொன்னாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடியில் அந்த ஜோடி யோகாவுக்குப் பாயை உதறுகிற சத்தம் கேட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விஷயம் கேட்டு அந்த வெள்ளைக்கார அம்மாள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் அவர்களுக்கு ரூம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி வேறு ரூம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் கிடைத்துவிட்டது அவர்களுக்கு.

சீசன் என்பதால் தினமும் யாராவது வந்து கேட்கிறார்கள். போன வாரம் ஆட்டோ ஓட்டுகிற பாபு பாய், பெட்டியோடு ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் ஆள் கொண்டுவருவார்.

"சார், மாடி காலியாத்தானே இருக்குது? நல்ல பார்ட்டி. மூணு மாசம்."

"இல்ல பாய், குடுக்கறதில்ல."

"பெருக்கித் தொடச்சி, பெட்ஷீட் எல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க. யாருக்கு சார்?"

"ஒருத்தர் வரேன்னு சொன்னாரு."

"எப்ப வராரு?"

"போன வருஷம்" என்றேன்.

பாய் சிரிக்க வாய் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மெதுவாக ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் என் வீட்டுக்கு அவர் ஆள் கூட்டி வரவில்லை.

இதை மாடி ரூமில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். படுத்தால் மலை முழுசாகத் தெரியும் என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. எனக்கே இந்த வருஷம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு இங்கே ஏறி வந்துவிடுகிறேன். போன் அடிக்காது என்று தெரியும். நீ கேட்டதற்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் என்னிடமே தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஆளில்லாத ரூமில் வாய்விட்டே சொல்லிப் பார்க்கிறேன்.

அடுத்த மாசம் எதுக்குடா, இப்பவே கெளம்பி வா. ரூம் காலியாத்தான் இருக்குது.