ஜல்லிப் பாதையில் ஒரு சுண்ணாம்புக் கோடு

சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்,
10-11-1968, ஞாயிறு.

அன்பு மகள் பிலோமிக்கு உன் நைனா அருள்நாதன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், அம்மா, தம்பி மூவரும் இன்று வரை சுகமாக இருக்கிறோம், டாட்டா நகரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். 'இன்று வரை' என்று ஏன் எழுதினேன் என்று திகைக்காதே, கீழே வருகிறது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது, அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். நைட் டியூட்டி முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே என்று சொல்லச் சொன்னாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், போன வருஷம் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் போய் வந்தோம். தம்பியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த கஸ்பார், போன வருஷம் எண்ணூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தானே, அவன் கல்லறைக்கும் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, தம்பி சிலுவைமுத்து பொறுமையாக ஐந்து தடவை ஏற்றினான்.

கஸ்பார் அடக்கத்தன்றுதான் இந்த விவகாரம் ஆரம்பம். நீ லீவு முடிந்து போன பிறகு நடந்ததால் விவரமாக எழுதுகிறேன். அன்றைக்கு அவன் கூட்டாளிகள் எல்லோரும் இனிமேல் அந்த ரோட்டில் எப்படி சைக்கிள் மிதிப்பது, இன்றைக்கு இவன், நாளைக்கு யாரோ என்று முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் ரயில்வே கேங்கில் கிடந்து மேஸ்திரியாக ரிட்டையர் ஆனவன் வாய் சும்மா இருக்குமா. யுத்த காலத்தில் கடலோரமாக எண்ணூர்ப் பக்கம் போட்ட பழைய சைடிங் லைன் இருக்கிறதே, தண்டவாளத்தையும் அதன் அடியில் கிடந்த கட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஜல்லி மட்டும் அப்படியே கிடக்கிறது, மூன்று மைலுக்கு ஒரு லாரி கிடையாது, மாட்டு வண்டி கூடக் கிடையாது, அதில் போங்களேன்டா என்றேன். ஜல்லி சைக்கிளைத் தாங்குமா என்று ஒருவன் கேட்டான். அதை இடித்துப் போட்டது இந்தக் கை, என்ஜினையே தாங்கியது, உன் சைக்கிளைத் தாங்காதா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

ஆரம்பத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா பிலோமி. பத்துப் பேர் போனார்கள், ஒரு மாதத்தில் நாற்பது பேர் ஆனார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால்தான் ஜல்லியில் வண்டி வழுக்காது என்று தம்பிதான் கண்டுபிடித்தான். பெருங்கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்கள், கட்டை இருந்த பள்ளங்களில் கரித்தூளைக் கொட்டி மிதித்தார்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாற்பது சைக்கிளும் சரசரவென்று போகும்போது ஹாரன் கிடையாது, புகை கிடையாது, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் குடோன் மதில், நடுவில் பையன்கள் வாய்விட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாதவன் கூட முகத்துவாரக்குப்பம் வரைக்கும் சும்மா மிதித்துவிட்டு வருவான். உன் அம்மா இருதயம்மாளையே ஒருநாள் தம்பி கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். வரும்போது இவள் கூச்சலும் சிரிப்பும் ஒரு பர்லாங்கு தூரம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆடி மாதம் நான் ஒருநாள் அந்தப் பக்கம் காலாற நடந்து போனேன். பழக்க தோஷம், கையில் நீளப் பிடி சுத்தியல். நாலு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனேன். கெட்டி இடம் ணங்கென்று சொல்லும், கையே உதறும். குடோன் மதில் பக்கத்தில், கடலை ஒட்டிய அறுபது எழுபது கஜத்தில், தொம் என்றது. காலிப் பானையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். உட்கார்ந்து கல்லை விலக்கிப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வடக்கே கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டு வருவது உனக்குத் தெரியும். பாறை கொட்டியிருக்கிறார்களே என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம், அது பாறை இடுக்கு வழியாக நுழைந்து அடி மண்ணை உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் கொட்டிய என்ஜின் சாம்பல் இறுகி ஓடு மாதிரி ஆகி, அதன் மேல் ஜல்லி உட்கார்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் பாதை. கீழே ஒன்றுமில்லை. காதை வைத்துக் கேட்டேன், உள்ளே தண்ணீர் வந்து போகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கே தம்பியிடம் சொன்னேன். இன்னா நைனா, தரையாண்ட டாக்டர் மாதிரி தட்டிப் பாத்துகினு கீறியா, தினமும் நாப்பது பேர் போய்கினு வந்துகினு கீறோம், ஒரு கல்லு கூட அசையல என்றான். ஆபீஸ்களுக்கும் நடந்தேன். லைனை எடுத்த பிறகு அந்த இடம் எங்கள் பொறுப்பு இல்லை என்றது ஒரு ஆபீஸ், கடலுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்றது இன்னொன்று. சரி, நம் ரயில்வே வழக்கப்படி சிவப்புக் கொடியாவது நடுவோம் என்று ஒரு குச்சியில் கட்டி நட்டுவிட்டு வந்தேன். ஏதோ கட்சிக் கொடி என்று நினைத்து மறுநாளே பக்கத்தில் இன்னொரு கட்சிக்காரன் தன் கொடியை இன்னும் உயரமாக நட்டுவிட்டான். இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய், எனக்கும் அன்று சிரிப்பு வந்தது.

அப்புறம் நான் செய்ததற்குச் சிரிப்பு வராது. புரட்டாசி நடுவில் ஒரு மத்தியானம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், பாதை மதிலைத் தொடுகிற இடத்தில் குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டேன். நான் கெட்டிப்படுத்திய பாதையை நானே வெட்டினேன். வேறு வழி இல்லாமல் எல்லோரும் ரோட்டுக்குப் போனார்கள். ஆறு நாள் போனார்கள். ஏழாம் நாள் வியாசர்பாடி வரதன், தம்பிக்கு உயிர்த் தோஸ்து, நல்ல பையன், நம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறான், லாரி இடித்து அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பெண்சாதி தாயம்மாதான் வராந்தாவில் என்னை நிறுத்தி, சத்தம் போடாமல், மண்ணு முழுங்கும்னு சொன்னியே பெர்சு, மண்ணு முழுங்கல, ரோடு முழுங்கிச்சு, ரோட்டுக்குத் தொரத்தினது நீதானே என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அன்று சாயந்தரமே பையன்கள் மண்வெட்டியோடு போய்ப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். முதல் கூடை ஜல்லியைக் கொட்டியது நம் சிலுவைமுத்து. அதன் பிறகு மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

இப்போது என் வாயில் என்ன பேச்சு வரும் சொல். ரோட்டில் போ என்றும் சொல்ல முடியாது, பாதையில் போ என்றும் சொல்ல முடியாது. இறங்கி ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டாவது போங்கள் என்றேன், தொழிற்சாலை கேட் மூடினால் அரை நாள் சம்பளம் போச்சு என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். அதனால் தினமும் விடிவதற்கு முன்னால் நான் போய்விடுகிறேன். தட்டித் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருக்கும் இடம் எதுவோ அதன் ஓரமாகச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுவிட்டு வருகிறேன். கோட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் போகலாம், கோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போகக் கூடாது. முதலில் கேலி பண்ணினார்கள். அப்புறம் மழையில் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் அளவுக்கு ஜல்லி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது, அதைப் பார்த்த பிறகு ஒருவனும் கேலி பண்ணுவதில்லை. பெர்சு கோடு போட்டா சரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு போகிறார்கள். மறுபடியும் என்னை நம்புகிறார்கள் பிலோமி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோடு போட ஆரம்பித்தபோது மதிலிலிருந்து ஆறு முழம் இருந்தது. போன பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறிய பிறகு மூன்று முழம். இன்று காலை இரண்டு. ஹேண்டில்பார் மதிலில் உரசுகிறது, தம்பி முழங்கையில் தோல் போயிருக்கிறது. மதில் பக்கத்திலும் சத்தம் முன்போல் ணங்கென்று வரவில்லை, எனக்கு வயதாகிக் காது மங்கிவிட்டதோ என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். காது நன்றாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை இருபதாம் தேதி அமாவாசை. காசிமேட்டில் படகுக்காரர்களைக் கேட்டேன், அவர்களும் கடல் முகம் சரியில்லை என்று வலையை ஏற்றி வைக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க தம்பிக்குக் காலை ஷிப்டு, முதல் ஆளாகப் போகிறவன் அவன்தான். லீவு போடுடா என்று கெஞ்சினேன். நீ கோடு போடு நைனா, நான் கோட்டுல போறேன், என்ன வுட்டுட்டு அவனுங்க போவானுங்களா என்றான். இப்போது நான் கேட்கப் போவதை ஒரு அப்பன் மகளிடம் கேட்கக் கூடாது. இந்தக் கடிதம் உனக்கு வியாழன் அல்லது வெள்ளி கிடைக்கும். கிடைத்த அன்றே நம் வீட்டு விலாசத்துக்கு ஒரு தந்தி கொடு. பிலோமி சீரியஸ், உடனே புறப்பட்டு வா என்று உன் தோழி யாராவது பேரில் கொடு. வேறு எதற்கும் அவன் அசைய மாட்டான், அக்காவுக்கு ஒன்று என்றால் சட்டையைக் கூட மாற்றாமல் ரயில் ஏறிவிடுவான். பொய் சொல்லக் கூடாது என்று சின்ன வயதில் உன்னை முழங்காலில் நிற்கவைத்தவன் நான். அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு நீ எப்போது வருவாய் என்று கேட்டு எழுதுவதாக நினைத்து எதிரே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தந்தியைப் பார்த்து மாரில் அடித்துக்கொள்வாள், நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளும் புறப்படுவேன் என்பாள், இரண்டு பேரையும் ரயில் ஏற்றிவிடுகிறேன். வந்தவர்களிடம் உடனே உண்மையைச் சொல்லிவிடாதே, தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே திரும்பி ஓடி வருவான். புதன் கழியட்டும். அப்புறம் அவன் உன்னை அடித்தாலும் பொறுத்துக்கொள். உன் உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா, வேளாவேளைக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு, மறந்துவிடாதே. மகள் சாகக் கிடக்கிறாள் என்ற சேதி கேட்டும் இந்த மனுஷன் ஏன் வரவில்லை என்று அம்மா அங்கே உன்னிடம் கேட்டு அழுவாள். தம்பியும் வரதனும் போக மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் தந்தி கொடுக்க அக்கா இல்லை, அவர்களுக்குக் கோடு போட நான் போக வேண்டும் என்று புதன் கழிந்த பிறகு சொல்.

இப்படிக்கு
உன் நைனா,
ச. அருள்நாதன்