க்ளட்சுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

வானவடி, புனே
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஷ்ரேயஸுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது நானும் இருக்கிறேன் என்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், இருவரும் காதை மூடாமல் வெளியே போகாதீர்கள். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஸ்நேஹாவை உரக்கப் படிக்கச் சொல்.

நீ கிளம்புமுன், அப்பா கம்ப்யூட்டரில் லாரி ஓட்டட்டும் என்று ஹாலில் ஸ்டீயரிங், மூன்று பெடல், கியர், சாவி, இத்தனை பெரிய திரை எல்லாம் மாட்டியபோது, அறுபத்தெட்டு வயது மனுஷருக்கு விளையாட்டுச் சாமானா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். போன வருஷம் சிக்னலில் மயங்கி ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்து, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி, காரையும் விற்ற பிறகு, ராணுவப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் லாரிகளோடு கிடந்தவர் எட்டு மாதம் என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. இப்போதோ காலையில் குளித்து, ஹாலுக்குள்ளேயே ஷூ மாட்டி உட்கார்ந்து, யாரோ ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டரில் வரைந்துவைத்த கண்டாலா மலைப்பாதையில் லாரியை இறக்குகிறார். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டார். முடிந்ததும் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறார்.

ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து செண்டுமல்லி மாலை போட்டேன். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் ஏது? க்ளட்சுக்கு அடியில் வைத்து, மிதியுங்கோ, நசுங்கினால்தான் திருஷ்டி கழியும் என்றேன். பெரிய மெக்கானிக், அவராவது யோசித்தாரா, பக்தியோடு ஓங்கி மிதித்தார். சாறெல்லாம் உள்ளே இறங்கி க்ளட்ச் செத்துப்போயிற்று. அப்பா மறுபடி சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் ஷூவைத் தொடவில்லை. அந்த எட்டு மாதம் திரும்பி வருகிறதே என்று பயந்துபோனேன்.

புனேயின் அந்தக் கோடி வாகட்டிலிருந்து உன் பழைய ஆபீஸ் சிநேகிதன் ஸ்ரீவத்சனை வரச்சொன்னேன். அவனும் அவன் கூட்டாளிகளும் இதே பைத்தியம், வீட்டுக்கு வீடு ஒரு லாரி. வேறு பெடல் வரும்வரை க்ளட்ச் இல்லாமலே ஓட்டும்படி மாற்றித் தரட்டுமா என்றான். அதுக்கு நான் டிவியே பார்த்துக்கறேன் என்றார் அப்பா. இதென்ன பிடிவாதம் என்று நான் கத்தினேன். ஸ்ரீவத்சன் என் பக்கம் பேசுவான் என்று பார்த்தால், மாமா சொல்றதுதான் சரி மாமி, படம் அழகா இருந்தா போறாது, தப்பா மிதிச்சா வண்டி நின்னுபோகணும், பாரம் ஏத்தினா பிரேக் லேட்டாத்தான் பிடிக்கணும், நாம பண்ற தப்பையெல்லாம் மன்னிக்கிற வண்டி எங்களுக்கு வேண்டாம் என்கிறான்! கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இருவருமாகக் கழற்றித் துடைத்ததில் க்ளட்சுக்கு உயிர் வந்தது. சும்மா மூடினாரா, தன் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து உள்ளே போட்டு, ராணுவ லாரி மாதிரியே கனமாக்கிவிட்டார். ஸ்ரீவத்சன் மிதித்துப் பார்த்து, இதைத்தான் ரெண்டு வருஷமா தேடிண்டிருந்தோம் என்று எழுந்து நின்று கைகூப்பினான். இப்போது அவன் கூட்டாளிகள் தங்கள் பெடலைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். எனக்கு ஒரே பெருமை, அவரிடம் சொல்லிவிடாதே.

அன்றைக்கு அவன் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு இடதுபக்கம் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். சாவியைத் திருப்பினார். நகர்த்துவதற்கு முன் என் பக்கம் திரும்பி, கதவைச் சரியா சாத்திண்டியா என்று கேட்டார். கார் போன நாளிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லையடா. சாத்திண்டேன் என்றேன்.

நீயும் ஸ்நேஹாவும் தீர்க்காயுசாக, ஒற்றுமையாக இருங்கள், பகவான் கூட இருப்பார். டிசம்பரில் வரும்போது மறக்காதே, ஸ்டூல் வழுக்குகிறது. இடதுபக்கம் எனக்கு ஒரு நல்ல சீட் வேண்டும், பெல்ட்டோடு.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலாக்ஷி பட்டாபிராமன்