மணி அடிக்காதவர் வீடு

12.6.2025, வியாழன்

காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்புகையில் தூறல். இரும்புலியூர்ப் பாலத்தடியில் பத்து நிமிடம் நின்றேன். பத்து நிமிடமும் செபமாலைக்குச் சரியாக இருந்தது.

விழாக் குழுச் செயலர் தினகரன் வந்திருந்தார். கருங்கல்மேட்டு விண்ணேற்பு அன்னை கோயிலுக்கு ஆகஸ்டில் பவள விழா. மலரில் வரும் ஊர் வரலாற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையதாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த பொன்விழா மலரை மேசைமேல் வைத்தார்.

“நீங்க எழுதினதுதானே சார். அப்படியே போட்டாலும் யாரும் கேக்கப்போறதில்ல.”

அந்தக் கடைசிச் சொல் எனக்கு உவப்பாக இல்லை. யாராவது கேட்பார்கள் என்பதற்காகவா உண்மை எழுதுகிறோம்? முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து பிறர் பிழைகளில் சிவப்பு மை இட்டவன் நான். என் பிழைக்கும் இடுவேன்.

14.6.2025, சனி

கருங்கல்மேட்டுக்குப் போனேன். கீழ்க்கட்டளைக்கு அப்பால் ஆட்டோக்காரரிடம் கோயில் தெரு என்றதும், “மணி அடிக்காதவர் வூட்டாண்ட தானே சார்? குந்துங்க” என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இராது. மணி அடிக்காத அந்த மனிதரை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

குவாரி இருந்த காலத்தில் அது ஊராக இருந்தது. லைன் வீடுகள், டென்ட் கொட்டகை, கம்பெனி ஆபீஸ். இன்று பள்ளத்தில் நீர் நிறைந்து, கம்பி வேலி போட்ட கல்குட்டையாகக் கிடக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள். கோயிலும் மணியும் மட்டும் மேட்டில் அப்படியே.

அந்த ஒரு மணிக்கு இரண்டு வேலை. கம்பெனி அதைக் கோயிலுக்குக் கொடுத்தபோதே அப்படி ஒரு ஏற்பாடு. மூவேளை செபத்துக்கு அடிக்கும். பாறைக்கு வெடி வைக்குமுன் எல்லாரும் விலகுமாறு மூன்று முறை விடாமல் அடிக்கும். வெடிக்கு அடித்தவர் கம்பெனி ஆளான மாரி. பங்குத்தந்தைக்குத் துணையாகக் கோயிலைக் கவனித்த உபதேசியார் என் தகப்பனார் ஏசுபாதம்.

நான் 2000இல் எழுதியது இது: “1967 ஏப்ரல் 2ஆம் நாள், எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மாரி கடமையில் தவறியதால், சாலமன் என்னும் தொழிலாளி வெடியில் சிக்கி உயிர்நீத்தார்.” கல்லறைத் தோட்டத்தில் சாலமனின் சிலுவையைத் தேடிப் பார்த்தேன். 2-4-1967. சரி. லைன் வீடுகள் நூற்றிருபது அல்ல, நூற்றுப் பன்னிரண்டு. அதைத் திருத்திக்கொண்டேன். மனநிறைவோடு திரும்பினேன்.

16.6.2025, திங்கள்

என் மனைவி ஞானசௌந்தரி கீரை ஆய்ந்துகொண்டே என் குறிப்புகளைப் படித்தாள். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவள். தேதி என்றால் கிழமை கேட்பாள். செல்லில் எதையோ தட்டிவிட்டு, “ஏங்க, 67 ஏப்ரல் ரெண்டு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை எந்த குவாரியில வெடி வெச்சாங்க?” என்றாள்.

ஞாயிறு குவாரிக்கு விடுமுறை. எனக்குத் தெரியாதா? பூசைக்கு வரும் கூட்டத்துக்கு நானே பாய் விரித்திருக்கிறேன்.

“அப்ப சிலுவையில எழுதினது தப்பா?”

“சிலுவையில செத்த தேதி இருக்கும். அடிபட்ட தேதி எதுக்கு இருக்கப்போவுது? வாத்தியாரு, வாத்தியாரு!”

கீரையோடு சேர்த்து என்னையும் ஆய்ந்துவிட்டாள்.

17.6.2025

விபத்து நடந்தபோது நான் செங்கல்பட்டில் விடுதியில் இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. ஆகவே நான் எழுதியது முழுவதும் கேள்விப்பட்டதே. அதைக் கண்ணால் கண்டவன்போல் எழுதியிருக்கிறேன்.

23.6.2025, திங்கள்

கோயில் அலுவலக அலமாரியில் பழைய குறிப்பேடுகள் உள்ளன. பங்குத்தந்தை லாசரஸ் சாவியைக் கொடுத்துவிட்டு, “கரப்பான் இருக்கும் சார், பாத்து” என்றார். கரப்பான்கள் இருந்தன. 1967ஆம் ஆண்டும் இருந்தது. அப்பாவின் கையெழுத்து. எழுத்தாணியால் கீறியதுபோல் நிமிர்ந்து நிற்கும்.

பார்த்தபடி படியெடுக்கிறேன்:

“மார்ச் 23, பெரிய வியாழன். மாலை, வானவர் கீதம் பாடியபின் வழக்கப்படி மணியின் நாக்கு கட்டப்பட்டது. கயிறு எடுத்து வைக்கப்பட்டது. இனிப் பாஸ்கா வரை மரக்கட்டை.”

“மார்ச் 25, பெரிய சனி. விடுமுறை என்று சொல்லியிருந்த கம்பெனி இன்று வேலை வைத்தது. மாரி வந்து கயிறு கேட்டான். கொடுக்கவில்லை. மரக்கட்டையைக் கொடுத்து அதை அடிக்கச் சொன்னேன். அடித்தான். மேற்குப் பக்கம் இருந்த சாலமனுக்குக் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.”

“ஏப்ரல் 2. சாலமன் இறந்தான்.”

அதற்குமேல் ஒன்றும் இல்லை.

24.6.2025

அப்பா.

25.6.2025, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

பெரிய வியாழன் முதல் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா இரவு வரை ஆலய மணி மௌனம் காப்பது நம் மரபு. ஆண்டவரின் பாடுகளுக்கு நாம் செலுத்தும் துக்கம் அது. அந்த மூன்று நாளும் மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை அழைப்போம். அப்பா மரபில் அணுவளவும் வழுவாதவர். கேட்டவன் பிற சமயத்தான். மணி கோயிலுடையது, நாள் பெரிய சனி. கொடுக்கவில்லை. எல்லாம் ஒழுங்குப்படி. எல்லாம் ஒழுங்குப்படியே நடந்து ஒரு மனிதன் இறந்தான்.

மணி அடிக்கவில்லை என்று கம்பெனி விசாரணையில் எழுதி மாரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மணி அடிக்கவில்லை என்பது மெய்தான். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே!

இன்னொன்று. 1978ஆம் ஆண்டு பெரிய வியாழன். பூசை முடிந்தும் அப்பா மணியைக் கட்டவில்லை. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழாசிரியன். முறைமை எல்லாம் விரல்நுனியில். “பத்து வருஷமா கட்டறதில்லையாமே, கம்பெனிக்கு பயந்துகிட்டு மரபை விட்டுடுவீங்களா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவர் கையில் கயிறு இருந்தது. “குவாரி மூடற வரைக்கும் வேணாம்யா” என்றார். அவ்வளவுதான். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். என்ன வாய் எனக்கு, எதுக்கு அப்படிக் கேட்டேன்...

பொன்விழா மலரில் அப்பாவைப் புகழ்ந்து ஒரு வெண்பா எழுதினேன். “மாமணிக் காவலர்” என்று அதில் வரும். இன்று அசை பிரித்துப் பார்த்தேன். எங்கும் தளை தட்டவில்லை.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றைப் பற்றியது. அதை மறைக்கல்வி வகுப்பில் எத்தனை ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அறியாமல் சொன்ன பொய்ச்சான்றை அறிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை.

2.7.2025, புதன்

குழுக் கூட்டம். குறிப்பேட்டைப் படித்துக் காட்டினேன். தினகரனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், முதல் பக்கத்துல உங்க அப்பா படம் போடறோம். முப்பதாம் பக்கத்துல அவராலதான் ஒருத்தர் செத்தார்னு போடறதா? விழா மலர் சார் இது. போலீஸ் ரிப்போர்ட் இல்ல.”

“இருபத்தஞ்சு வருஷமா மாரிக்கு அது போலீஸ் ரிப்போர்ட்டாத்தானே இருந்தது?” என்றேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

பங்குத்தந்தை லாசரஸ் குறிப்பேட்டை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். பிறகு, “போடலாம். ஆனா அந்தக் குடும்பத்தைக் கேட்டீங்களா சார்?” என்றார்.

கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. ஆட்டோவில் அந்த வீட்டைக் கடந்து எத்தனை முறை போயிருக்கிறேன்!

6.7.2025, ஞாயிறு

மாரியின் மகள் காந்திமதி. மாநகராட்சிப் பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. வாசலிலேயே பூக்கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன்.

“தெரியும். உபதேசியார் பையன். புக்குல எழுதினவரு.” நாற்காலியைக் காலால் தள்ளினார். “குந்துங்க. இந்த தபா இன்னா எழுதப்போறீங்க?”

குறிப்பேட்டின் நகலைப் படித்தேன். நார் கட்டிய கை நிற்கவில்லை. முடித்ததும் கேட்டார்: “இதத்தான் கண்டுபிடிச்சீங்களா? எங்கூட்ல எல்லாருக்கும் தெரியுமே.”

“ஏன் சொல்லவில்லை?”

“யாரு கேட்டா? அப்பா சொல்லுவாரு, கை நோவ நோவ அடிச்சேன், கட்டை சத்தம் பாறை தாண்டி போவலன்னு. உபதேசியார் மேல பழி வந்தா கோயிலே அல்லோலகல்லோலமாயிடும், வாய மூடிக்கினு இருங்கன்னு எங்கள மெரட்டி வெச்சிருந்தாரு. இஸ்கூல்ல பசங்க என்னை ‘மணி அடிக்காதவன் பொண்ணு, லேட்டா வந்துட்டா’ன்னு கலாய்ப்பானுங்க. ஒருத்தன் மண்டைய பொளந்துகீறேன்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கவனித்துவிட்டு, குரலைத் தணித்தார்.

“உங்கப்பா வருஷா வருஷம் அந்த சனிக்கெழம எங்கூட்டுக்கு வருவாரு. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது.

“பத்து, பத்தரைக்கு. அப்பாவும் அவரும் இதே எடத்துல குந்திக்கினு டீ குடிப்பாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. டம்ளர கீழ வெச்சிட்டு ஒரு கும்புடு போட்டுட்டு போயிடுவாரு. சாவற வரைக்கும் வந்தாரு.”

பெரிய சனிக்கிழமை காலை அப்பா எங்கே போகிறார் என்று அம்மா கேட்டால் “தியானம்” என்பார். நாங்கள் நம்பினோம். தவறாக நம்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “எங்கப்பா அடிச்சாருன்னு எழுதுங்க. உங்கப்பாவ கெட்டவரா எழுதாதீங்க. டீ குடிச்சத எழுதுங்க.”

9.7.2025

எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். அடைமொழி ஒன்றுகூட இல்லை. வெண்பாவை எடுத்துவிட்டேன்.

10.7.2025

ஞானசௌந்தரி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மாமா படம் முதல் பக்கத்துலேயே இருக்கட்டும்” என்றாள். பிறகு, “லைன் வீடு நூத்துப் பன்னெண்டுன்னு மேல எழுதிட்டு கீழ நூத்திருபதுன்னு விட்டுட்டீங்க” என்றாள்.

20.7.2025, ஞாயிறு

அச்சுப் படியைக் காந்திமதியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். “மாரி என்பவர்” என்று ஓரிடத்தில் இருந்தது. “இன்னாது, என்பவரா? ஊருக்கே தெரிஞ்ச ஆளு” என்றார். “மணிக்காரர் மாரி” என்று மாற்றினேன்.

தினகரன் தொலைபேசியில், “சாலமன் பேரன் பேசினார் சார். எந்த நாள் அடிபட்டார்னு அவங்களுக்கே தெரியலையாம். இனிமே அன்னைக்கும் ஒரு பூசை வைக்கணும்ங்கறார்” என்றார். சற்று நிறுத்தி, “நான் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்” என்றும் சொன்னார். நானுந்தான், என்றேன்.

15.8.2025, வெள்ளி

விண்ணேற்பு அன்னை திருவிழா. கொடிமரம், தேர், பிரியாணி, மழை வருமோ என்ற கலக்கம், வராத நிம்மதி. பங்குத்தந்தை மறையுரையின் இறுதியில் முப்பதாம் பக்கத்தை வாசித்தார். காந்திமதியம்மாள் கடைசி வரிசையில் பச்சைப் பட்டில் அமர்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. அது நன்றாக இருந்தது.

வெளியே வந்தபோது தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு பெரியவர் காந்திமதியம்மாள் எதிரில் நின்று, “நானும் அந்தப் பேரச் சொல்லிக்கினு இருந்தேம்மா” என்றார்.

“தெரியும். உன் பையன் மண்டையத்தான் பொளந்தேன்” என்றார் அவர்.

28.8.2025, வியாழன்

எஞ்சிய மலர்களைக் கோயிலில் சேர்க்கப் போனேன். அதே ஆட்டோ. “மணிக்காரர் வூட்டாண்டயா சார்?” என்றார் ஓட்டுநர்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரு சொல்லுவா? அந்தம்மா போன வாரம் வண்டில ஏறுச்சு. பழைய பேர சொல்லிட்டேன். பையிலருந்து புக்க எடுத்து, வண்டிய ஓரங்கட்டச் சொல்லி, முப்பதாம் பக்கத்த சத்தமா படிக்க வெச்சிடுச்சு சார். பின்னாடி ஹாரன் அடிக்கிறான், வுட மாட்டேங்குது. பேஜாராயிடுச்சு. ஸ்டாண்ட்ல எல்லாரும் உஷாராயிட்டோம்.”

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்ததில் இத்தகைய பலன் ஒரு நாளும் கண்டதில்லை. இறைவனுக்கு நன்றி.

4.4.2026, பெரிய சனி

வியாழன் மாலை மணியின் நாக்கை நானே கட்டினேன். குவாரி இல்லை, மரபு இருக்கலாம். இழுத்தால் அவிழும் முடிச்சு. கயிற்றை எடுத்து வைக்கவில்லை. கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது.

இன்று காலை பத்தரைக்கு மணிக்காரர் வீட்டில் டீ. சர்க்கரை அதிகம். காந்திமதியம்மாள் ஒரு நிமிடமும் வாய் மூடவில்லை. மலரில் இன்னும் மூன்று தவறுகள் இருக்கின்றனவாம்.