விளக்குக் கம்பத்துப் போர்

அன்பு மருமகளே,

நீ நம்பவே மாட்டாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

அமெரிக்கத் தேர்தலையும் நம் ஜெர்மன் தேர்தலையும் ஒப்பிட்டு நீ எழுதும் வகுப்பு வலைப்பூவுக்காக, விளக்குக் கம்பத்துத் தேர்தல் தட்டிகளைப் படமெடுத்தேன். அவற்றை உடைத்துக்கொண்டிருந்த நாற்பது அரக்கர்கள் என்னைச் சூழ்ந்தார்கள்.

"யோவ் பெருசு, அந்தப் பள்ளிக்கூட வலைப்பூவுக்கா படம்? எழுதுற பொண்ணு எங்க?"

"பொண்ணா? எழுதுறது நான்தான்டா."

தட்டியாலேயே என் மண்டையைப் பிளந்தார்கள். நான் ஒருவனைத் தேவாலயக் கோபுரத்தில் செருகினேன், மற்றவர்களை எல்பே நதியில் வீசினேன். ஆறே சிவந்து ஓடியது.

எழுத்து கோணலாக இருக்கும், வலக்கையில் கட்டு, இது இடக்கை. அம்மாவிடம் சொல்லாதே. எழுதுவதை நிறுத்தாதே, கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போட்டுவிடு.

நாற்பது பேரும் கோபுரமும் ஆறும் பொய். எழுதுவது நான்தான் என்று சொன்னதும் இந்தக் கட்டும் மட்டும் நிஜம்.

உன் மாமா